இந்த ஆர்முக்கு ஆகாத ஊசி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒரு விரிப்பை மடித்தால் மூலையோடு மூலை ஒட்டிக்கொண்டு நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏனோதானோ என்று மடித்து அடுக்கினால் அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த அடுக்கை அப்படியே கலைத்துப் போட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவர்கள் புலம்புவார்கள்.

அந்த அறையில் பேச்சு என்றால் கத்தல்தான். ஒரு பக்கம் ஆள் உயர இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் இஸ்திரி உருளைகள் நீராவியைக் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவளிடம் கத்தரிக்கோல் கேட்கவும் தொண்டை கிழிய வேண்டும். நாள் முழுக்க அதற்குள் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு சத்தம் ஆகாது. வீட்டில் டிவி கிடையாது. மிக்ஸியை மகன் ஓட்டுவதானால் அவள் குளிக்கப் போன பிறகுதான் ஓட்டுவான்.

"நம்ம வீட்டுல பல்லிகூட உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தாம்மா கத்துது" என்று கேலி செய்வான்.

யாராவது கேட்டால் ஆஸ்பத்திரி மெஷின்களைத்தான் காரணம் சொல்வாள். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மகனுக்கு ஏழு வயது நடக்கும்போது அவளுக்கு இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. அவள் புருஷன் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தார். குடி கிடையாது, கை நீட்டியதில்லை, ஊரில் நல்ல மனுஷன் என்றுதான் பெயர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் இசைத்தட்டு. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அவர் அழவுமில்லை, பேசவுமில்லை. வேலை முடிந்து வந்ததும் முன்னறையில் உட்கார்ந்து கதவை ஒருக்களித்துக்கொண்டு தட்டு போட ஆரம்பித்துவிடுவார். குடிக்கப் பிள்ளை இல்லாமல் மார்பில் பால் கட்டிக்கொண்டு அவள் உடம்பு அனலாய்க் கொதித்த நாட்களில், முன்னறையில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து போய், "அத நிறுத்துங்க" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை, குறைத்தார்.

அந்த வாரமே மகனைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு தனி வீடு, ஆஸ்பத்திரி வேலை என்று காலம் ஓடியது. அப்பா என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. மகன் ஒன்றிரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை.

அவன் வளர்ந்து லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் ஆனான். சில வருஷம் கழித்து, இசைத்தட்டு ஓட்டுகிற பழைய டர்ன்டேபிள் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். ஊசியைத் தாங்கும் கை, அவன் பாஷையில் ஆர்ம், பாம்பு நெளிகிற மாதிரி வளைந்து தடித்திருந்தது. அப்பன் ரத்தம் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் சொன்னான்: "ஹெட்போன்லதாம்மா கேப்பேன். உனக்கு ஒரு சத்தமும் வராது."

சொன்ன சொல் தவறவில்லை. சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான், கால் கட்டைவிரல் தாளம் போடும், தட்டு சுற்றும். சத்தமே இருக்காது. சில நாள் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, "ஒரே ஒரு தடவை கேளேம்மா" என்பான். "என் காதுக்கு லீவு விடுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள்.

இருபத்தாறு வயதில் அவன் செத்துப்போனான்.

லிஃப்ட் அறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். கூட இருந்தவன் தண்ணீர் எடுத்து வருவதற்குள் சரிந்துவிட்டான். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கொண்டு வந்து சேர்த்தது அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான். கீழ்த்தளத்தில் அவள் காதருகே வந்து ஒருத்தி கத்தினாள். மெஷின் சத்தத்தில் முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த விரிப்பை முழுக்க மடித்து வைத்துவிட்டுத்தான் படியேறினாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பிற்பாடு பல தடவை நினைத்து மருகியிருக்கிறாள்.

அவன் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தங்கை மெல்லக் கேட்டாள். "அக்கா, அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"யாருக்கு?" என்றாள் அவள்.

தங்கை கையில் எடுத்த போனை மறுபடி பைக்குள் வைத்தாள்.

எடுத்துக்கொண்டு போகும் நாளில் தெருமுனையில் ஒருவர் நின்றார். தலை முழுக்க வெளுத்து, சட்டை தோளிலிருந்து தொங்கியது. அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாருங்கள் என்று யாரும் அழைக்கவில்லை, அவரும் கிட்டே வரவில்லை. மறுபடி பார்த்தபோது அங்கே ஆள் இல்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போனாள். வீட்டில் இருப்பதற்கு அதுவே மேல் என்று பட்டது. மேல்மாடியிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. மகன் படுத்திருந்த விரிப்பும் அதில் ஒன்றாக எப்போதோ வந்து, வெந்நீரில் வெந்து, காய்ந்து, மடிந்து மேலே போயிருக்கும். எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எந்த விரிப்பை எடுத்தாலும் ஒரு கணம் அவள் கை நின்று பிறகுதான் மடித்தது.

அப்படி இருக்கும்போதுதான் அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டு வந்தவன் பெயரைப் படித்து, "இருக்காரா?" என்று கேட்டான். "குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பி, டப்பிக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சாமான். அடியில் முடி மாதிரி ஓர் ஊசி. ஆர்மின் நுனியில் மாட்டுகிற கார்ட்ரிஜ் என்று அவளுக்குத் தெரியும். மகன் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான். அவள் பாதிதான் காதில் வாங்குவாள்.

ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான், வந்து சேர்வதற்குள் போய்விட்டான். அந்த நினைப்பு அவளை உலுக்கி எடுத்தது. இதையாவது அவனுடைய டர்ன்டேபிளில் மாட்டி வைத்துவிட வேண்டும். அடுத்த வார விடுமுறையில் டர்ன்டேபிளைப் போர்வையில் சுற்றி, வாடகைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு, மகன் அடிக்கடி பேச்சில் இழுக்கும் ரிப்பேர் கடையைத் தேடிப் போனாள்.

ரிப்பேர்காரர் கார்ட்ரிஜைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு ஆர்மை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இத இதுலயாம்மா மாட்டணும்?"

"ஆமா. அதுக்குத்தான் வாங்கினான்."

"இதுக்கு அது சரிப்படாதே."

"ஏன், மாட்ட முடியாதா?"

"மாட்டலாம். திருகு உக்காந்துடும், பாட்டும் வரும். ஆனா இந்த ஊசியத் தாங்குற ரப்பர் ரொம்ப மெத்து. இந்த ஆர்ம் நல்ல கனம். ஸ்கூட்டர் ஸ்பிரிங்க லாரிக்குப் போட்டா எப்படி? தட்டு லேசா வளைஞ்சிருந்தாப் போதும், ஆர்ம் மேலயும் கீழயும் ஆட ஆரம்பிச்சுடும். சில இடத்துல ஊசி எகிறிக் குதிச்சு எங்கயோ போயிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப என் பையன் விவரம் தெரியாம வாங்கிட்டான்னு சொல்றீங்க."

ரிப்பேர்காரர் டர்ன்டேபிளை இன்னொரு தரம் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "இது லிஃப்ட் கம்பெனித் தம்பியோடதாச்சே. நீங்க அவங்க அம்மாவா? எங்க, ஆளையே காணோம்?"

சொன்னாள். அந்தச் செய்தியைச் சொல்லச் சொல்ல அவளுக்கு வாய் பழகிப்போயிருந்தது. ரிப்பேர்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைத் துடைக்கத் துணியை எடுத்துவிட்டுத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தம்பி தெரியாம வாங்குற ஆள் இல்லம்மா" என்றார் கடைசியில். "இப்ப இதுல இருக்குற கார்ட்ரிஜ் அவனே தேடிப் பிடிச்சு மாட்டினது. விறைப்பான ரப்பர். இந்தக் கனத்துக்கு அச்சு அசலாப் பொருந்தும். ஊசியும் இன்னும் தேயல. நல்லா இருக்குறதக் கழட்டிட்டு ஆகாதத மாட்டணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்து" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப எதுக்கு வாங்கினான்?"

"வேற ஏதாவது செட்டுக்கா இருக்கும். ஆர்ம் மெல்லிசா, நேரா, ஊதினா நகர்ற மாதிரி இருக்குமே, அதுக்குத்தான் இது வாகு. உங்க வீட்டுல அப்படி வேற இருக்கா?"

"இல்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண் முன்னே வந்துவிட்டது. பழைய வீட்டின் முன்னறை. வெள்ளி நிறத்தில், பென்சிலைவிட மெல்லிசான ஒரு கை. தூசி தட்டும்போது துணி நுனி பட்டாலே நகர்ந்துவிடும். "ஏய், பாத்து" என்று ஒரு குரல் வரும்.

அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ரிப்பேர்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

முதலில் வந்தது கோபம்தான். எத்தனை வருஷமாக அப்பனிடம் போய் வந்துகொண்டிருந்தான்? எப்படி? பக்கத்திலேயே இருந்துகொண்டு கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறான். வீட்டுக்குப் போனதும் அவனைப் பிடித்து நிறுத்தி இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று வேகம் வந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பது வாசற்படியில் கால் வைக்கும்போதுதான் மறுபடி உறைத்தது. டர்ன்டேபிளை இறக்கி வைத்துவிட்டு, போர்வையைக்கூடப் பிரிக்காமல், தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் போனதிலிருந்து அவள் அப்படி வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

கார்ட்ரிஜ் டப்பி கொஞ்ச நாள் பிரிட்ஜ் மேல் கிடந்தது. பிறகு ஒரு நாள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். பிரிந்து வந்த பிறகு பேசியதே இல்லை.

"அக்கா, நான்தான்."

"சொல்லும்மா."

"அவர் இருக்குற இடம் வேணும்."

"எதுக்கு? பழசக் கிளறுறதுக்கா? அவன் ஏற்கனவே பாதி ஆளாத்தான் இருக்கான்."

"ஒரு பொருள் குடுக்கணும். பையன் வாங்கினது. அவன் அங்க வந்துட்டுப் போவானாக்கா?"

"உனக்குத் தெரியாதா?" நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. "வேலைக்குச் சேந்ததுலேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாமப் போவானேம்மா. நீ அனுப்பித்தான் வர்றான்னுல்ல நாங்க நெனச்சோம்."

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான். "கூட ஒரு கரண்டி வைம்மா, என்கூட வேலை பாக்குறவர் ஒருத்தர், தனியாளு" என்று டப்பாவை நீட்டுவான். அந்தத் தனியாளுக்குக் காரம் ஆகாது என்று அவள் தனியாகக் காரம் குறைத்துச் செய்துகொடுத்ததும் உண்டு.

அவர் இருந்தது டயர் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் வழி விடத் தோன்றாமல் அப்படியே நின்றார். பிறகு, "வா" என்று ஒதுங்கிக்கொண்டார். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் முழுக்கத் தட்டுகள். மேசைமேல் அந்த மெல்லிய கை. இரண்டு நாற்காலி இருந்தது. எதில் உட்காருவது என்று தெரியாமல் அவள் நின்றாள். "ஜன்னல் பக்கத்துது அவனோடது" என்றார். அவள் மற்றதில் உட்கார்ந்தாள்.

டப்பியை மேசைமேல் வைத்தாள். "உங்களுக்குத்தான் வாங்கியிருக்கான். லேட்டா வந்துச்சு."

அவர் அதை எடுக்கப் போனார். கை நடுங்கி டப்பி மேசையில் உருண்டது. அப்போதுதான் அவள் கவனித்தாள். இரண்டு கையும் சதா ஆடிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வருஷமா இப்படித்தான்" என்றார். "தூசி தொடைக்கறேன்னு போய் இருந்த ஊசிய முறிச்சுட்டேன். அவன் திட்டல. 'உங்க ஆர்ம் லேசுப்பா, மெத்துன்னு இருக்குற ஊசியாப் பாத்துத் தேடணும், கொஞ்சம் பொறுங்க'ன்னான். அந்த ஞாயித்துக்கிழமை வருவான்னு உக்காந்திருந்தேன். சாப்பிடாம உக்காந்திருந்தேன். போன் போட்டா எடுக்கல. மறுநாள் அவன் கம்பெனிக்குப் போனேன். அங்கதான் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். மார்ச்சுவரிக்கு எறக்கிட்டாங்கன்னு சொன்னாங்க."

அவள் உருண்ட டப்பியை எடுத்துத் திறந்தாள்.

அவரால் மாட்ட முடியாது என்று தெரிந்துபோயிற்று. அவள் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லுங்க, நான் மாட்டறேன்."

கடுகு போல இரண்டு திருகு. நூலைவிடச் சன்னமாக நாலு கம்பி, நாலு நிறம். "கலரப் பாத்து அதே கலர்ல சொருகு. கம்பியப் பிடிக்காத, நுனியில இருக்குற குழாயப் பிடி" என்றார். நீராவி பட்டுத் தோல் தடித்துப்போன விரல்கள். இரண்டு தடவை நழுவியது, மூன்றாவதில் உட்கார்ந்தது. புள்ளி வைத்த அட்டை ஒன்றைத் தட்டின்மேல் போட்டு, ஊசி அந்தப் புள்ளியில் நேராக இறங்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். அதற்கே வெகு நேரம் பிடித்தது. பிறகு ஆர்மின் பின்னால் இருந்த எடையைத் திருகச் சொன்னார்.

"மேலயும் போகக் கூடாது, கீழயும் எறங்கக் கூடாது. அந்தரத்துல நிக்கணும்."

மெல்லத் திருகினாள். ஒரு கட்டத்தில் அந்தக் கை பிடிப்பு எதுவும் இல்லாமல் காற்றில் அப்படியே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ஒண்ணே கால் கிராம் ஏத்து. அவ்வளவுதான் அதுக்குத் தாங்கும்."

அவர் தட்டுகளின் பக்கம் போனபோது அவள் சொன்னாள். "வயலின் வேண்டாம்."

அவர் திரும்பாமலேயே நின்றார். "அது இல்ல. நீ போன அன்னிக்கே ஒடச்சுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "சத்தத்தக் கொறச்சாப் போதும்னு நெனச்சேன் அன்னிக்கு. எனக்கு வேற என்ன செய்றதுன்னு தெரியல" என்றார். அந்த வார்த்தையைப் பத்தொன்பது வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மகன் எப்போது வந்தாலும் முதலில் கேட்கும் தட்டு என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவளே ஊசியை இறக்கினாள். ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். நல்ல குரல். ஆனால் அவள் வேறு எதையோ எதிர்பார்த்துக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவன் கேட்டது இதைத்தான் என்றால், இதற்குள் எங்காவது அவன் இருக்க வேண்டும் அல்லவா. ஒரு பாட்டு போனது, இன்னொன்று வந்தது. யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இதுல அவனுக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். "அவன் பாட்டக் கேப்பான். நான் அவனப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்தார்கள். அவர் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "கடைசியில ஏதாவது சொன்னானா?"

பொய் சொல்லலாம். உங்களைக் கேட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷன் அதை வைத்தே மிச்ச நாளை ஓட்டிவிடுவார். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் வாய் வரவில்லை.

"கண்ணே தொறக்கல" என்றாள். "கைய மட்டும் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். சூடா இருந்துச்சு. அதனால பொழச்சுடுவான்னு நெனச்சேன்." பிறகு, வந்ததே அதைச் சொல்லத்தான் என்பது போல மிச்சத்தையும் சொன்னாள். "உங்களுக்குச் சொல்ல வேண்டாமான்னு தங்கச்சி கேட்டா. நான் யாருக்குன்னு கேட்டேன். நீங்களும் அவனும் பேசிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியல."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. தட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் டொக், டொக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் திரும்புவதாகத் தெரியவில்லை. அவள் ஆர்மைத் தூக்கித் தாங்கியில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அதன் பிறகு வெகு நாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மகனின் பிறந்த நாளன்று அவரே போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்றார். "ம்" என்றாள். அடுத்த ஞாயிறு என்னவோ மனசு கேட்காமல், காரம் குறைத்துச் சமைத்து டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அவர் சாப்பிடும்போது டர்ன்டேபிளைப் பார்த்தாள். மேலே துணி போட்டு மூடியிருந்தது. மடிப்பில் தூசி படிந்திருந்தது.

"போடறதில்லையா?"

"இல்ல."

"ஏன், ஏதாவது கெட்டுப்போச்சா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "போட்டா ஊசி தேஞ்சுடும்" என்றார். "ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். தேஞ்சா வேற வாங்கிக்கலாம். கடையில கெடைக்கும். அவன் பாத்து வாங்கினது இது ஒண்ணுதானே இருக்கு."

அவள் எழுந்து துணியை எடுத்தாள்.

"தேயட்டும். நீங்க கேக்கணும்னுதானே தேடித் தேடி வாங்கினான்."

அவர் வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். அவள் தட்டை வைத்து ஊசியை இறக்கிவிட்டாள். அவர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, கேட்கப் பிடிக்காதவர் போலவும் கேட்காமல் இருக்க முடியாதவர் போலவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் முடிந்ததும், "நீ வர்ற அன்னிக்கு மட்டும் போடலாம்" என்றார்.

அவர்கள் மறுபடி சேர்ந்து வாழவில்லை. தங்கை ஒரு தடவை அந்தப் பேச்சை எடுத்தாள், அவள் எழுந்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில், முடிந்தபோது, அவள் அங்கே போவாள். ஒரு தட்டு, இரண்டு பக்கம். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருவரும் உட்கார மாட்டார்கள். பாட்டு அவளுக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. அது முடிந்ததும் காலி டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.